நான்காம் பந்து

பின்பனிக் காலம் எதையும் விரைந்து அளிப்பதில்லை. வெயிலை முதலில் நெற்றிக்குத் தரும். நெடுநேரம் கழித்தே பாதங்களுக்கு. பிசான நெல் அறுவடை முடிந்த வயல்களின் வைக்கோல் மணம், பனியின் பாரம் தாங்காமல் தாழ்ந்து மைதானத்தின்மேல் கிடந்தது. மாசி மாதத்து மௌனம். கோவில் நடை திறக்கக் காத்து நிற்பவர்களிடையே நிலவும் மௌனத்தை ஒத்தது.

ஈரப் புல்லில் வெறுங்காலுடன் அவன் நின்றான்.

கையில் பந்து. வெள்ளைப் பந்து என்றார்கள். அவன் அறிந்தது அதன் ஓசையை மட்டுமே. உள்ளே பால்ரஸ் என்னும் சின்ன இரும்புக் குண்டுகள் போட்டிருந்தார்கள். அசைத்தால் கிலுகிலுத்தது.

பார்வை போய் ஐந்து மாதம். முப்பத்தெட்டு வயதில், பார்வையற்றோர் ஆடும் கிரிக்கெட்டில் பந்து வீசக் கற்க வந்திருக்கிறான்.

"கையத் தோளுக்கு மேல தூக்காதீய, அண்ணாச்சி. கீழ இருந்து, தரையோட தரையா விடுங்க," என்றான் பயிற்சி தரும் அந்தோணி. "அக்கா கை தட்டுற எடந்தான் ஸ்டம்ப்."

அக்கா என்றது வேதவல்லியை. பந்தோடு நின்றவனின் மனைவி. இருபத்திரண்டு கஜத்துக்கு அப்பால், ஸ்டம்புகளின் பின்னே நின்று தட்டிக்கொண்டிருந்தாள். ஸ்டம்புகள் இரும்புக் குழாய்கள். பந்து பட்டால் மணிபோல் ஒலிக்கும்.

முதல் பந்து புல்லுக்குள் ஓடி அடங்கிற்று.

இரண்டாவது பந்து.

டங்.

"பட்டுட்டு!" என்று வேதவல்லி கூவினாள்.

உள்ளம் ஒரு கணம் துள்ளியது. ஒரு கணம்தான்.

இதே குரல்தான் ஐப்பசியில், ஆஸ்பத்திரி வராந்தாவில், அவன் காதோரம் சொன்னது. பொங்கலுக்குள்ள கண்ணு தெளிஞ்சிரும்னு டாக்டர் சொல்லிட்டாருங்க. டாக்டர் அப்படிச் சொல்லவே இல்லை. தை கழியும் தறுவாயில் வேறொரு டாக்டர் சொல்லித்தான் தெரிந்தது, அன்றைக்கே எல்லாம் முடிந்துவிட்டதென்று.

அன்பினால் சொன்ன பொய். அவன் அறிவான்.

அறிந்தும் அது முள்ளாகத் தங்கிவிட்டது. சட்டையில் கறை இல்லை என்பாள். விரலால் தடவிப் பார்ப்பான். எதிரே யாரும் வரவில்லை என்பாள். நின்று செவி கொடுப்பான். இனி உலகம் அவள் வாய்வழியாகத்தான் அவனுக்கு வந்து சேர வேண்டும். அந்த வாயைத்தான் நம்ப முடியவில்லை.

மூன்றாவது பந்து.

டங்.

அந்தோணி கைகொட்டி ஆர்ப்பரித்தான். "மொத நாளே இப்பிடியா அண்ணாச்சி!"

அதுதான் அவனையும் அரித்தது. முதல் நாளே இப்படியா?

கிலுகிலுப்பு ஓய்ந்த பிறகல்லவா அந்த ஒலி எழுந்தது? அவள் இடுப்பில் சாவிக்கொத்து உண்டு. கையில் வளையல்கள் உண்டு. குனிந்து குழாயில் ஒரு தட்டுத் தட்ட எவ்வளவு நேரம் ஆகும்?

அந்தோணியும் உடந்தையோ? நல்ல மனம் படைத்தவர்கள் கண் ஜாடையிலேயே பேசி முடித்துவிடுவார்கள். கண் ஜாடை இனி அவனுக்கு எட்டாத பாஷை.

நான்காம் பந்தை வாங்கிக்கொண்டான்.

கைதட்டல் நேர் எதிரே கேட்டது. இடத்தோளைச் சிறிது பின்னுக்கு வாங்கினான். கால்களையும் அந்தப் பக்கமே ஒருக்களித்து வைத்தான். குனிந்தான்.

வேண்டுமென்றே விலக்கி விட்டான்.

பந்து கிலுகிலுத்துக்கொண்டு ஓடியது. அவன் நினைத்ததைவிட விலகியே ஓடியது.

கைதட்டல் நின்றது.

இப்போது இரும்பு ஒலிக்குமானால், இனி அவள் சொல்லும் விடியலும் அவனுக்கு விடியல் அன்று.

மூச்சை அடக்கிக் காத்திருந்தான்.

எங்கோ ஒரு மைனா கத்தியது. வேலிக்கு அப்பால் பஸ் ஒன்று முனகியபடி மேடேறிற்று.

இரும்பு பேசவில்லை.

"என்னங்க, கண்ண மூடிக்கிட்டா போட்டீய?" வேதவல்லியின் குரல் மைதானத்தைக் கடந்து வந்தது. "வாய்க்காலுக்குள்ள போயிட்டு! நானாங்க எறங்கி எடுக்கணும்?"

"யக்கா..." அந்தோணி பதறினான்.

பந்து போட்டவனின் தோள்கள் குலுங்கின. முகம் கைகளுக்குள் போயிற்று. அந்தோணி ஓடிவந்து முழங்கையைப் பிடித்தான். பிடித்த பிறகே தெரிந்தது, அது சிரிப்பு.

ஐந்து மாதமாக அந்த வீட்டில் யாரும் அவனைக் கேலி செய்ததில்லை.

வாய்க்காலில் நீர் சலசலத்தது. ஈரக் காலடிகள் புல்லை மிதித்து நெருங்கின. முந்தானையால் துடைக்கும் ஓசை கேட்டது. பிறகு குளிர்ந்த பந்து அவன் உள்ளங்கைக்கு வந்தது.

"இந்தத் தடவையாவது நேரா போடுங்க."

அவன் போடவில்லை.

இரு கைகளாலும் அதை ஏந்தினான். பிரசாதப் பூவை ஏற்பவன்போல் தலை தாழ்த்தினான். வலக்கண்ணில் ஒற்றினான். பின்னர் இடக்கண்ணில். உதடுகள் நெல்லையப்பன் பெயரை ஓசையின்றி ஒருமுறை சொல்லின.



அவன் வலக்கை காற்றில் தேடியது. வேதவல்லி ஓரடி முன்வந்து, குனிந்து தலையை அந்தக் கைக்குக் கீழே கொடுத்தாள்.

"நல்லா இரு," என்றான்.