தினம் ஓடுகிற வண்டி

மெக்கானிக் பால்பாண்டி காரின் மூக்கைத் திறந்து முன்பக்கம் சாய்த்து வைத்ததும், மரியராஜ் கைத்தடியை அதன் ஓரத்தில் மாட்டிவிட்டுக் குனிந்துகொண்டார்.

இனி லேசில் நிமிரமாட்டார்.

ஆனிமேரி அந்தக் கோரிப்பாளையம் ஒர்க்‌ஷாப்பின் தகரக் கொட்டகைக்குள் ஒரு பழைய டயரின் மேல் உட்கார்ந்தாள். டி. கல்லுப்பட்டிப் பள்ளிக்கூடத்திலிருந்து இதுவரை ஓட்டி வந்ததில் இடுப்பு விட்டுப்போயிருந்தது. இன்னும் ஆனையூர் வரை ஓட்டவேண்டும். நாளைக்குத் திரும்பவும் இதே பாடுதான்.

இரண்டே கதவு, தாழ்ந்த இருக்கை, சிவப்புப் பெயின்ட். பந்தயக் கார் மாதிரி இருக்கிறதென்று கல்யாணமான புதிதில் மரியராஜ் ஆசைப்பட்டு வாங்கியது. மருந்துக் கம்பெனி வேலையாக அந்தப் பக்கம் போகிறவர், அவளையும் தினம் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டுப் போவார்.

பக்கவாதம் வந்து அவருடைய வலது கையும் காலும் விழுந்தபிறகு ஸ்டியரிங் அவள் கைக்கு வந்தது.

வீட்டில் தனியாக விட்டுவர மனசில்லை. அதனால் அவரும் கூடவே வருவார். அவள் பாடம் நடத்தி முடிக்கிற வரைக்கும் வேப்பமரத்தடியில், காருக்குள்ளேயே உட்கார்ந்திருப்பார்.

அதற்கே அவரைக் கொண்டுவந்து சேர்க்கப் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. படுத்த புதிதில் மாதக்கணக்காகச் சுவரைப் பார்த்தே கிடந்தார். கஞ்சிக்குக்கூட வாய் திறக்கவில்லை.

ஒருநாள் பார்க்க வந்த பால்பாண்டி பேச்சுவாக்கில் ஒன்றைச் சொன்னான். குவாரியில் உடைத்துப்போட்ட வெளிநாட்டு எந்திரத்திலிருந்து ஒரு டர்போ அவனுக்குக் கிடைத்திருந்தது. வீணாய்ப் போகிற புகையை வைத்தே ஒரு காற்றாடியைச் சுழற்றி, எஞ்சினுக்குள் காற்றைத் திணித்து, வண்டியைப் பறக்கவைக்கிற சாமான்.

சோழவரம் கார்ப் பந்தயத்தில் பார்த்த நாளிலிருந்து மரியராஜுக்கு அதன்மேல் ஒரு கண். அன்றைக்கு எழுந்து உட்கார்ந்தவர்தான்.

எதைச் சொன்னாலும் குழறிய வாய், கார்புரேட்டர் என்பதை மட்டும் சுத்தமாகச் சொன்னது. கட்டின பெண்டாட்டியின் பெயர் அதற்கப்புறம்தான் வந்தது.

இன்று மத்தியானம் பள்ளிக்கூடத்துத் தாளாளர் ஃபாதர் அவளைக் கூப்பிட்டனுப்பினார். ஜூனிலிருந்து ஆனையூர்ப் பள்ளிக்கே மாற்றித் தருகிறோம், நாளைக்குப் பதில் சொல்லுங்கள் என்றார்.

வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். இதற்காக அவள் வேண்டிக்கொள்ளாத மாதா கோயில் கிடையாது. சந்தோஷத்தில் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை, வேப்பமரத்தடியில் அந்தச் சிவப்புக் காரைப் பார்க்கும் வரைக்கும்.

அவள் ஓட்டாவிட்டால் வண்டிக்கு வேலையில்லை. வேலையில்லாத வண்டிக்கு டர்போ எதற்கு?

அந்தப் பேச்சு நின்றால் மனுஷன் மறுபடியும் சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவார். அதை இன்னொரு தரம் பார்க்க அவளுக்குத் தெம்பில்லை. இந்த ரோட்டில் இன்னொரு வருடம் வண்டி ஓட்டவும் தெம்பில்லை.

குனிந்திருந்த இரண்டு பேரும் எண்ணெய்க் குழாயை எந்தப் பக்கமாகக் கொண்டுபோவது என்று பேசினார்கள். இந்த ஊர் வெயிலுக்கு இந்த ரேடியேட்டர் தாங்குமா என்று பேசினார்கள். கடைசியில் பால்பாண்டி வழக்கமான இடத்துக்கு வந்து நின்றான்.

எஞ்சினை மொத்தமாகக் கழற்றிப்போட்டால்தான் வேலை நடக்கும். மூன்று மாதமாவது வண்டி கொட்டகையிலேயே கிடக்கவேண்டும். டீச்சர் தினம் எடுத்துக்கொண்டு போகிற வண்டியில் எங்கே கை வைப்பது?

ஒவ்வொரு தடவையும் பேச்சு இங்கே வந்துதான் படுத்துக்கொள்ளும். அவர் பெருமூச்சு விடுவார், பால்பாண்டி மூக்கை இறக்கி மூடுவான், இவர்கள் வீட்டுக்குக் கிளம்புவார்கள்.

வீட்டுக்குப் போய்த் தனியாகச் சொல்ல அவளுக்குப் பயமாக இருந்தது. மூன்றாம் ஆள் இருக்கும்போதே சொல்லிவிடலாமென்று எழுந்தாள். ஜூனிலிருந்து ஆனையூர்ப் பள்ளிக்கே மாற்றித் தருகிறார்களாம், ஃபாதர் இன்றைக்குக் கூப்பிட்டுப் பேசினார் என்று அவர் முதுகைப் பார்த்துச் சொன்னாள்.

மரியராஜ் நிமிரவேயில்லை.

"அதுக்குள்ள சொல்லிட்டாரா? ஈஸ்டர் கழியட்டும்னுல்ல என்கிட்டச் சொன்னாரு."



ஃபாதர் தினம் வேப்பமரத்தடி வழியாகத்தான் சாப்பிடப் போவார். காரைக் கண்டால் நின்று நாலு வார்த்தை பேசுவார். அவரிடம் இவர் என்ன பேசுவார் என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை.

மரியராஜ் இப்போது பால்பாண்டியிடம் பேசிக்கொண்டிருந்தார். ஜூன் பிறந்ததும் வண்டியைக் கொண்டுவந்து விட்டுவிடுகிறோம், இனி இது தினம் ஓடுகிற வண்டியில்லை, நீ நிதானமாகக் கழற்று என்றார்.

ஃபாதரிடம் இந்த மாற்றலை அவளுக்காகக் கேட்டாரா, டர்போவுக்காகக் கேட்டாரா?

ஆனிமேரிக்குக் கோபம் வந்தது. கூடவே சிரிப்பும் வந்தது. இரண்டையும் வைத்துக்கொள்ள உடம்பில் தெம்பில்லாமல் மறுபடி டயரிலேயே உட்கார்ந்துவிட்டாள். எதற்காகக் கேட்டிருந்தால் என்ன, ஜூனில் நடந்து போகலாம்.

பால்பாண்டிக்குத் தலைகால் புரியவில்லை. ஜூனிலிருந்து தினம் காலையில் தானே ஆனையூருக்கு வந்து அண்ணனைக் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொன்னான். கூட இருந்து பார்க்கச் சொன்னான். மூன்றே மாதத்தில் முடித்துக் காட்டுவதாகச் சத்தியம் செய்யாத குறை.

மரியராஜின் முகம் பத்து வயது குறைந்துபோயிருந்தது. மூன்று மாதத்தில் டர்போ வேலையும் முடிந்துவிட்டால் அந்த முகம் என்ன ஆகும் என்று அவளுக்கு யோசனை ஓடியது.

கிளம்பும்போது அவரைக் காரில் ஏற்றி உட்காரவைத்தாள். கதவைச் சாத்திவிட்டுப் பால்பாண்டியைக் கொட்டகைப் பக்கம் தனியாகக் கூப்பிட்டாள்.

"எம்புட்டு மெதுவாச் செய்ய முடியுமோ, அம்புட்டு மெதுவாச் செய்ங்க தம்பி."