மூன்று தையல்

இரைப்பையைச் சுருக்கும் அறுவை சிகிச்சைக்குப் பிறகு சுகந்தி இளைக்க இளைக்க, தையல்காரி எஸ்தர் அவளுடைய பட்டு ஜாக்கெட்டை மூன்று முறை பிடித்துத் தைத்தாள். மூன்றாம் முறை சுகந்தி, “உள்ளே இருக்கிற துணிய வெட்டிடு எஸ்தர். இனிமே எனக்கு எதுக்கு?” என்று சிரித்தாள்.

இரண்டு வருடம் கழித்து, அதே கடைத் திரைக்குப் பின்னால் அந்த ஜாக்கெட் அவள் புஜத்தில் சிக்கிக்கொண்டது. ஏறவும் இல்லை, கழலவும் இல்லை. எஸ்தர் வந்து கத்தரி நுனியால் அக்குள் தையலைப் பிரித்தாள். மடிப்புக்குள் வெளுக்காத நிறத்தில் துணி அப்படியே இருந்தது.

“வெட்டச் சொன்னேனே.”

“சொன்னீங்கக்கா.”

ஒரு வேளைக்கு ஒன்றரை இட்லிக்கு மேல் இன்றும் இறங்காவிட்டாலும், மணிக்கொரு தரம் இனிப்பு கேட்கும் வயிற்றைச் சுகந்தி உள்ளிழுத்துக்கொண்டாள்.

“இன்னும் ரெண்டு தையல் இருக்கு. இப்பவே பிரிச்சிடவா, அடுத்த தடவை வர்றப்போ பார்த்துக்கலாமா?”