துலக்கிய காசு

ஊறிய புளியை அள்ளி அந்த வெண்கலக் காசின் மேல் அப்பினாள்.

தேங்காய் நாரால் ஒரு தேய்.

இரண்டாயிரம் வருஷத்துப் பச்சைக் களிம்பு கிண்ணத்தில் கரைந்தது.

ரோமாபுரி ராஜாங்கத்தில் ஏதோ ஒரு கீழ்த்திசை நகரத்துக் காசு. ஒரு பக்கம், மூக்கு நீண்ட ராஜா. மறுபக்கம், ஊர் மதிலையே கிரீடமாகச் சூடிய தேவதை. காலடியில் ஆள் உருவில் நீந்தும் ஆறு.

அந்தப் பச்சைப் பூச்சுக்குத்தான் விலை. அது போன காசு, பட்டா தொலைந்த நிலம்.

அவள் வீட்டுக்காரர் அதை ஈரக்கையால்கூடத் தொட்டதில்லை. இன்று உயிரோடு இருந்திருந்தால் அவள் கையை உடைத்திருப்பார்.

கரூர் ஆற்று மணலில் அவருக்குக் கிடைத்தது ஒரே அச்சில் அடித்த இரண்டு காசு. முதல் காசைப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன் நாணயச் சங்கத்தில் காட்டினார். நாற்பது பேர் நடுவில் காசு வியாபாரி பொன்னுரங்கம் அதைச் சுண்டிப் பார்த்துச் சிரித்தான்.

டூப்பு என்றான்.

பாவம் பார்ப்பவன் போல அதைப் பித்தளை விலைக்கு வாங்கிப் போனான். சீமையில் விற்று மாடி கட்டினான்.

சாகும்வரை அவருக்கு ஊரில் டூப்பு மாஸ்டர் என்றுதான் பெயர்.

வாசலில் கார் நின்றது.

மிச்சமிருந்த காசுக்காகப் பொன்னுரங்கம் வந்துவிட்டான். கூடவே அவன் பேசி வைத்திருந்த கிராக்கி, கோயம்புத்தூர் மில்காரர்.

தாம்பாளத்தில் வைத்து நீட்டினாள். புதுக் குத்துவிளக்கு மாதிரி மின்னியது.

"ஐயோ அம்மிணி! என்ன காரியம் பண்ணிப் போட்டீங்க!" என்றான் பொன்னுரங்கம்.

"பெரிய மனுசங்க வர்றீங்க. அழுக்கா எப்படிங்க குடுக்கறது?"

மில்காரர் பையிலிருந்து பூதக்கண்ணாடியைக்கூட எடுக்கவில்லை.

"ஏப்பா, போன வாரம் அடிச்சதா? டூப்பைக் காட்டறதுக்கா இத்தன தூரம் இழுத்துட்டு வந்தே?"

பொன்னுரங்கம் பதறிப்போய் அவர் கையைப் பிடித்தான்.

"சாமி சத்தியமா ஒரிஜினலுங்க சார். இதோட ஜோடிய நானே வித்திருக்கறனுங்க. இந்த வீட்ல டூப்பே இருந்ததில்லீங்க. அந்த மனுசன் சொக்கத் தங்கமுங்க!"

அவள் நகக்கண்ணில் இன்னும் பச்சை இருந்தது.

சுவரில் மாலை போட்ட படத்தை ஒருமுறை பார்த்தாள். எழுந்து போய், கடகடத்துக்கொண்டிருந்த மின்விசிறியை நிறுத்தினாள்.

"இன்னொருக்கா சொல்லுங்க, சத்தமா. அவருக்குக் காது கொஞ்சம் மந்தமுங்க."