டாலர் காசோலை

வங்கி மேலாளர் காசோலையை டியூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, கள்ளநோட்டைப் பார்ப்பது போலப் பார்க்கிறார். ஜன்னலுக்கு வெளியே பெங்களூருக்கு ஆள் கூப்பிடும் பஸ் கண்டக்டரின் குரல் கன்னடத்திலும் தமிழிலும் மாறிமாறிக் கேட்கிறது. "அமெரிக்காவுலருந்து உனக்கு எதுக்கும்மா பணம் வருது?" மேலாளரின் கேள்விக்கு எதிரே நிற்கும் தஸ்லிம் மறுபடியும் பதில் சொல்கிறாள். "இன்டர்நெட்டுல தையல் பத்தி எழுதறேன் சார். அந்தப் பக்கத்துல வெளம்பரம் போடறாங்க. அங்கயே வரி புடிச்சுக்கிட்டு மிச்சத்த அனுப்பியிருக்காங்க." பக்கத்து மேசைக்காரர் வாய்க்குள் சிரிக்கிறார். மேலாளர் காசோலையை மேசையில் போட்டு அதன்மேல் டீ டம்ளரை வைக்கிறார். "இதெல்லாம் வில்லங்கம். வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வா, பேசிக்கலாம்." தஸ்லிமின் காதுமடல்கள் சுடுகின்றன. அவளே டம்ளரை நகர்த்துகிறாள். காசோலையில் அவள் பெயரின்மேல் பழுப்பு வளையம் ஒன்று ஈரமாகப் படிந்திருக்கிறது. துப்பட்டா நுனியால் அதை மெல்ல ஒற்றியெடுக்கிறாள். "வரி புடிச்சானே அமெரிக்காக்காரன், அவன் எம் புருசன் எங்கன்னு கேக்கல. நாளைக்கு நம்ம கவருமெண்டு வரி கட்டச் சொல்றப்பவும் கேக்காது. நீங்க மட்டும் ஏன் சார் கேக்கறீங்க?" சிரித்தவர் தலையைக் குனிந்துகொள்கிறார். மேலாளரின் குரல் இறங்குகிறது. "கோவப்படாதீங்கம்மா. வசூலுக்கு அனுப்பி வெக்கறேன். பணம் வர ரெண்டு மாசம் ஆகும்." "ஆகட்டும். காசோலைய வாங்கிக்கிட்டதுக்கு ரசீது குடுங்க." ரசீதுக்காகக் கையை நீட்டுகிறாள். அதை அவள் இறக்குவதாக இல்லை.