லோகநாதன் மேஸ்திரி

ஆம்பூர்த் தொண்டு நிறுவனத்தின் வலைத்தளம் எளிதாக இருக்கிறதா என்று பூரணி சோதிக்கிறாள். எதிரே சுந்தரி, தோல் பதனிட்டே நுரையீரல் கெட்ட கணவனுக்கு மருத்துவ உதவி கேட்டு விண்ணப்பம் நிரப்புகிறாள். சோதிப்பவர் குறுக்கே பேசக்கூடாது என்பது சோதனையின் முறை. ‘தொழிற்சாலையின் பெயர்’ என்ற கட்டத்தில் ‘லோகநாதன் மேஸ்திரி’ என்று சுந்தரி ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடிக்கிறாள். கட்டம் சிவக்கிறது. “இன்னா மேடம், கோச்சிக்குது?” வெயில் விழும் திரையை உள்ளங்கையால் மறைத்துப் பார்க்கிறாள். “கம்பெனி பேரு கேக்குதுக்கா,” என்று பூரணி முறையை மீறுகிறாள். “ஆளுங்கள இட்டுனு போற மேஸ்திரி எந்தத் தோல்ஷாப்ல எறக்கி வுட்டாலும் எங்கூட்டுக்காரரு போவாரு. கம்பெனின்னு இன்னாத்த சொல்றது?” கட்டத்தைப் பூரணி நீக்கிவிடலாம். கம்பெனி அடையாள அட்டை இல்லாதவர்களுக்கு உதவி கிடையாது என்ற தொண்டு நிறுவனத்தின் விதியை நீக்க முடியாது. திரையை வெயில் படாமல் திருப்பி வைக்கிறாள். “ஐயே, மேஸ்திரி பேருக்கு இனிஷியல் வுட்டுட்டேன், அதான்!” சுந்தரி சிரித்துக்கொண்டே மறுபடி அடிக்கத் தொடங்குகிறாள்.