கவ்வாத்துக் கை

"ஆடாம இருங்க. மை காதுல வழியுது" என்றாள் அம்மாக்கண்ணு.

பொன்னையா அசையவில்லை. எழுபத்தெட்டு வயதில் முதல் தடவையாகத் தலைக்கு மை பூசிக்கொண்டிருந்தார். தேயிலைத் தோட்டத்து லயத்தில் பக்கத்து வீட்டு வீரம்மா அதைப் பார்த்துவிட்டுச் சும்மா போகவில்லை.

"என்னண்ணே, பொண்ணு பாக்கப் போறீங்களா?"

"ஆமா. இவதான் புரோக்கர்" என்று மனைவியைக் காட்டினார்.

அவர்கள் புறப்பட்டது கொழும்பு ஆஸ்பத்திரிக்கு. பொன்னையாவின் இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிப் போயிருந்தது. அந்த மாதத்தில் மட்டும் மூன்று முறை மயங்கி விழுந்துவிட்டார். வால்வை மாற்றாவிட்டால் அடுத்த தீபாவளியைப் பார்ப்பது சந்தேகம் என்று சொல்லிவிட்டார்கள்.

நெஞ்சை அறுக்காமல், தொடை இரத்தக்குழாய் வழியாகப் புது வால்வைக் கொண்டுபோய்ப் பொருத்தும் வெளிநாட்டு டாக்டர்கள் வந்திருந்தார்கள். அவர்கள் கொண்டு வந்தது ஒரே ஒரு வால்வு. வரச்சொல்லியிருந்தது ஆறு பேரை.

"நோஞ்சானுக்குக் குடுத்து அதை வீணாக்குவானா?" என்றார் பொன்னையா ரயிலில். "பெரட்டுல நிமிந்து நின்னாத்தான்டி பேர் போடுவான்."

அவருக்குத் தெரியாததா? நாற்பது வருடம் டயகம தோட்டத்தில் தேயிலைச் செடிகளைக் கிளை கழித்துக் கவ்வாத்து வெட்டியவர். காலையில் வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டில் கூனி நின்றவர்களுக்குத் தோட்டத் துரை வேலை தராமல் விரட்டிவிடுவான். பொன்னையாவின் பெயர் ஒரு நாளும் வெட்டுப்பட்டதில்லை.

ஆஸ்பத்திரி நடையில் மற்ற ஐந்து பேரும் இருந்தார்கள். யாரும் தானாக நடந்து வந்தவரில்லை. நோர்வூட் மூக்கன் சக்கர நாற்காலியில் தலை தொங்கிக் கிடந்தார்.

"பாவம், இந்த மனுசனை எதுக்கு இம்புட்டுத் தூரம் இழுத்தாந்தாங்க?" என்று முணுமுணுத்த பொன்னையா, தன் ஊன்றுகோலை மனைவியிடம் தள்ளினார். "மறைச்சு வை."

உள்ளே தாதி ஷாமிலா டாக்டரின் கேள்விகளைத் தமிழில் கேட்டாள்.

"வயசு என்ன ஐயா?"

"அறுபத்தொன்பது." அடையாள அட்டையும் அதையே சொன்னது. வேலையில் நீடிப்பதற்காக ஒன்பது வயதைக் குறைத்துப் பதிந்திருந்தார்.

"மூச்சு வாங்குமா?"

"கோயில் மேட்டை ஒரே மூச்சுல ஏறுவேன்."

"மயக்கம் வருமா?"

"எங்க குடும்பத்துல யாருக்கும் அந்தப் பழக்கம் இல்ல."

"இல்லம்மா, போன வெள்ளிக்கெழம பீலியில தண்ணி புடிக்கிறப்ப..." என்று தொடங்கினாள் அம்மாக்கண்ணு.

"அம்மாக்கண்ணு!"

ஒரே அதட்டல். அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

நடந்து காட்டச் சொன்னார்கள். சுவருக்குச் சுவர் விறைப்பாக நடந்தார். நெஞ்சுக்குள் சம்மட்டி அடித்தது. முகம் சிரித்தபடியே இருந்தது.

பிறகு கையின் பலத்தை அளக்கும் ஒரு இரும்புப் பிடியைக் கொடுத்து அழுத்தச் சொன்னார்கள். கவ்வாத்துக் கத்தி பிடித்துக் காய்த்த கை அது. அளவுமானியில் முள் ஓடிய தூரத்தைப் பார்த்த வெள்ளைக்கார டாக்டர் என்னவோ சொல்லிச் சிரித்து, எழுந்து அவர் கையைக் குலுக்கினார்.

"பாத்தியா? எனக்கு மட்டுந்தான் கை குடுத்தான்" என்றார் வெளியே வந்ததும். அவருடைய உதடுகள் நீலம் பாரித்திருந்தன. அம்மாக்கண்ணு அவர் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

அன்று அழைப்பு வரவில்லை. இரவை நடை பெஞ்சிலேயே கழித்தார்கள். மறுநாள் மாலை ஷாமிலா வந்தாள்.

"ஐயா, இன்னும் இங்கயா இருக்கீங்க? நீங்க வீட்டுக்குப் போகலாம்."

"அப்ப வால்வு?"

"நோர்வூட் ஐயாவுக்கு வச்சாச்சு. வெளிநாட்டு டாக்டர்மார் ஏர்போட்டுக்குக் கிளம்பிட்டாங்க."

பொன்னையா நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தார். குரல் மட்டும் உடைந்தது.

"அவருக்கா? அந்த மனுசனால எழும்பி நிக்கக்கூட முடியலியே, மகளே!"

ஷாமிலா சிரித்தாள்.

"நெஞ்சை அறுத்தாத் தாங்க மாட்டாத ஆளுங்களுக்கு மட்டுந்தான் ஐயா அந்த வால்வு."