தெரிந்த நாளும் தெரியாத நாளும்

"யாரும்மா நீ? யாரைப் பார்க்க வந்தே?"

அப்பா கேட்டதும் அவளுக்குக் கையிலிருந்த பிளாஸ்க் கனத்தது. முந்தாநாள் வார விடுமுறையில் வந்தபோது, இதே ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்துகொண்டு "வா பாப்பா" என்று கையைப் பிடித்து உட்கார வைத்தவர். இன்று அவள் நூல் மில்லில் இரவு ஷிப்ட் முடித்து, தலையில் ஒட்டிய பஞ்சோடு நேரே வந்திருந்தாள்.

"உங்க பொண்ணுப்பா."

"என் பொண்ணை எனக்குத் தெரியாதா? அது நீ இல்லை." சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

பக்கவாதம் வந்து ஆறு வாரம். ஞாபகம் வரும், போகும் என்று டாக்டர் முதலிலேயே சொல்லியிருந்தார். போவது தன் ஞாபகமாகவா இருக்க வேண்டும் என்பதுதான் அவளுக்கு ஆறவில்லை.

படியிறங்கும்போதே அண்ணனுக்குப் போன் செய்தாள். அவன் தாமரை இலைத் தண்ணீர். தன்னையும் இரண்டு தடவை அப்படிக் கேட்டார் என்று சிரித்தான். பக்கத்துக் கட்டில்காரரைப் பார்க்க வந்ததாகச் சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்கினானாம்.

"நோயாளிகிட்ட போய் ரோஷம் பார்ப்பியா? போய்த் தூங்கு."

"உனக்கு எல்லாமே லேசு, அண்ணா."

அவளுக்கு அப்படி வராது. சின்ன வயதிலிருந்தே தொட்டாற்சுருங்கி. அப்பாவுக்கு அடையாளம் தெரியாமல் போன பகல்களில் எல்லாம் ஜன்னலைச் சாத்திக்கொண்டு, எந்தச் சொல்லுக்கு இந்தத் தண்டனை என்று பழைய சண்டைகளைத் துழாவியபடி கிடப்பாள். பொட்டுத் தூக்கம் வராது. அப்படியே எழுந்து அடுத்த ஷிப்டுக்குப் போவாள்.

கீழ்வாசலுக்கு வந்த பிறகுதான், மாத்திரைச் சீட்டை நர்ஸிடம் கொடுக்காதது நினைவுக்கு வந்தது. காலை இழுத்துக்கொண்டு மறுபடி மாடி ஏறினாள். கட்டிலைச் சுற்றித் திரை போட்டிருந்தது. உள்ளே நர்ஸின் குரல்.

"இன்னைக்கும் பொண்ணை விரட்டிட்டீங்களா? நேத்து முழுக்க என்கிட்ட அவங்க கதையைத்தானே சொல்லிட்டிருந்தீங்க?"

"முப்பது வருஷம் லாரி ஓட்டினவன்மா நான். தூக்கம் கண்ணைக் கட்டுற முகம் எனக்குத் தெரியாதா? போய்ப் படுன்னு சொன்னா கேக்க மாட்டா, சாயங்காலம் வரைக்கும் இந்த நாற்காலியிலேயே உக்காந்திருப்பா. பையனுக்கும் இதே வைத்தியம்தான்." அப்பாவின் குரல் தெளிவாக, நிறைவாக இருந்தது. "இப்போ பாரு, வீட்டுக்குப் போய் நிம்மதியாத் தூங்குவா."